இன்று என்ன பார்த்தீர்கள்?

காலை ஏழு மணிக்கு நான் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சில நாள் சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலுக்காக நிற்பேன். சில நாள் சிட்லபாக்கம் வீட்டில் தோசைக்கல் முன்னால். ஞாயிற்றுக்கிழமை என்றால் சர்ச்சில், பாடகர் குழுவின் இரண்டாவது வரிசையில், பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தபடி. எங்கே இருந்தாலும் சரி, ஏழு மணி ஆனதும் நான் எழுதிய மூன்று வரிகள் என்னைக் கேட்காமலே கிளம்பிப் போய்விடும். முடிச்சூருக்கு, பெரும்பாக்கத்துக்கு, ஊரப்பாக்கத்துக்கு என்று, கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன ஒவ்வொருவரின் போனிலும் போய் இறங்கும். அந்த நிமிஷத்தில் எனக்கு உடம்பு லேசாகிவிடும். ஏரிப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றில், ஒரே சமயத்தில் எத்தனையோ வீடுகளின் வாசலில் நான் நின்றுகொண்டிருப்பது போல ஒரு மயக்கம். பல மாதங்கள் அந்த மயக்கத்திலேயே இருந்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் எனக்கு வேலை. டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அடுத்த ஒரு மாதம் சொட்டு மருந்து விடுகிறார்களா, குறித்த நாளில் பரிசோதனைக்கு வருகிறார்களா என்று பார்த்துக்கொள்வதுதான் என் பொறுப்பு. முன்பெல்லாம் இதற்கு மூன்று நீளமான நோட்டுகளும் ஒரு போனும் இருந்தன. நாள் முழுக்கக் கூப்பிடுவேன். பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். எடுத்தவர்களில் பாதிப் பேர், "யாரு? எந்த பேங்க்கு?" என்பார்கள்.

பிறகு நோட்டுகள் போய், கம்ப்யூட்டரில் ஒரு லிஸ்ட் வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், எந்தக் கண், ஆபரேஷன் நாள், போன், விலாசம், அடுத்த பரிசோதனை என்று குறுக்கே கட்டங்கள். மருத்துவமனையில் யார் எந்தக் கட்டத்தை மாற்றினாலும் எல்லாருடைய திரையிலும் அது மாறிவிடும். கூடவே ஒரு வசதியும் இருந்தது. இது நடந்தால் இதைச் செய் என்று நாமே சொல்லி வைக்கலாம். அதற்குப் பெயர் ஃப்ளோ. வெளியிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் ஒரே ஒரு மதியம் என்னோடு உட்கார்ந்தார்.

"கோடிங் எல்லாம் ஒண்ணும் வேணாங்க்கா. இந்த டப்பாவ இழுத்து அந்த டப்பாவுக்குக் கீழ வைங்க. நடுவுல அதுவே கோடு போட்டுக்கும்."

"தப்பா வெச்சுட்டா?"

"சிவப்பா கத்தும். கத்தலன்னா சரியா வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம்."

அவர் போன பிறகு நானே இழுத்து வைத்தேன். முதல் டப்பா: தினமும் காலை ஏழு மணி. இரண்டாவது: லிஸ்டில் ஆபரேஷன் முடிந்து முப்பது நாள் ஆகாதவர்களை எடு. மூன்றாவது: அவர்களுக்குச் செய்தி அனுப்பு. நான்காவது: பதில் வந்தால் அதை அந்த ஆளின் வரியிலேயே, 'பதில்' என்ற கட்டத்தில் சேர்த்து எழுது. எதுவும் சிவப்பாகக் கத்தவில்லை. ஆயுசில் முதல் முறையாக ஒரு இயந்திரம் நான் சொன்னபடி கேட்டது. நாற்பத்து மூன்று வயதில் அன்றைக்கு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

செய்தியில் என்ன எழுதுவது என்று டாக்டர் மேடம் என்னிடமே விட்டுவிட்டார். 'வணக்கம். சொட்டு மருந்து விட்டீர்களா? கண் எப்படி இருக்கிறது?' என்று இரண்டு வரி எழுதினேன். அதிகாரியின் கடிதம் போல விறைப்பாக இருந்தது. மூன்றாவதாக ஒரு வரியைச் சேர்த்தேன்: 'இன்று என்ன பார்த்தீர்கள்?'

வார்டு சிஸ்டர் என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டுச் சொன்னார். "இது எதுக்கு? காதல் கடுதாசி மாதிரி இருக்கு. இதுக்கெல்லாம் யாரு பதில் போடுவா?"

"போடலன்னா போகட்டும் சிஸ்டர். கேட்டா நல்லாருக்கும்ல."

முதல் வாரம் வந்த பதில்களைத் தினமும் பார்த்தேன். 'ஓகே.' 'நன்றி.' கும்பிடும் கை. ரோஜாப்பூ. குட்மார்னிங் என்று எழுதிய சூரியன். அந்தக் கட்டம் மட்டும் வீங்கிப்போய் லிஸ்டையே அசிங்கமாக்கியது. மற்றக் கட்டங்கள் எல்லாம் பார்வையிலிருந்து தள்ளிப் போயின. லிஸ்டில் எந்தக் கட்டம் தெரிய வேண்டும், எது வேண்டாம் என்று தேர்வு செய்யும் இடத்துக்குப் போய், 'பதில்' என்பதற்கு எதிரே இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். லிஸ்ட் அழகாகிவிட்டது. அதோடு அதை மறந்தும் போனேன்.

மறுபரிசோதனைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை கூடியது. டாக்டர் மேடம் மீட்டிங்கில் என்னைப் பாராட்டினார். போனில் மன்றாட வேண்டிய தேவையே இல்லை. மத்தியானங்களில் திரையில், பரிசோதனைக்கு வந்துவிட்டவர்களின் வரிகளில் பச்சைக் குறிகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துக்கொண்டு, ஆறிய டீயைக் கையில் வைத்திருப்பேன். வேலை எங்கேயோ தூரத்தில், தண்ணீருக்கு அடியில் நடப்பது போல, சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே மழை. முடிச்சூர் சாலையில் தண்ணீர் நின்றுவிட்டது. மழை பெய்தாலே சாமான்களைப் பரணில் ஏற்றுகிற ஊர் அது. பாதி ஊழியர்கள் லீவு சொல்லிவிட்டார்கள். மருத்துவமனை வேன் கூடுவாஞ்சேரி பக்கம் முகாமுக்குப் போயிருந்தது. புறநோயாளிகள் பகுதியில் நாலைந்து பேர்தான். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அதற்காக அந்தத் தேர்வு செய்யும் இடத்துக்குப் போனேன். வரிசையாக டிக்குகள். ஒன்றுக்கு மட்டும் டிக் இல்லை. பதில். என்ன இருக்கிறது பார்க்கலாமே என்று டிக் வைத்தேன்.

திரை கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது. பிறகு நிறைந்தது.

அவர்கள் பதில் எழுதியிருந்தார்கள். நான் கேட்டதற்கு, மாதக்கணக்கில், ஒவ்வொரு நாளும்.

'நிலாவுல கற இருக்கு. போன வருசம்லாம் இல்ல.' 'என் வீட்டுக்காரர் தல மொத்தமா நரச்சிடுச்சு, யாரும் எனக்குச் சொல்லல.' 'செவுத்துல நாலு பல்லி. நாலும் சொந்தக்காரங்க மாதிரி இருக்கு.' 'ஏரில இறங்கினது கொக்கா நாரையான்னு எனக்கும் எதிர்வீட்டு சாருக்கும் சண்டை. நான்தான் ஜெயிச்சேன்.' 'பைபிள் எடுத்தேன். சின்ன எழுத்து. ஒரு அதிகாரம் முழுக்க.' 'எதிர் பிளாக்குல ஒரு பொண்ணு தினமும் ஒரு புடவ காயப் போடும். அது ஊதாக் கலருன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.' 'நான் தேச்சி வெச்ச பாத்திரத்துல எவ்ளோ அழுக்கு. இத்தினி நாளா இதுலதான் சோறு போட்டனா.'

வெளியே மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. நான் படித்துக்கொண்டே போனேன். யாரோ என்னைக் கையைப் பிடித்துத் தெருத் தெருவாகக் கூட்டிப் போவது போல இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு ஜன்னல் திறந்தது. மணி எத்தனை என்று தெரியவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எழுத்து கலங்கியது, துடைத்துக்கொண்டு படித்தேன்.

பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா. ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள். வலது கண். நாலு பதில்கள் இருந்தன. போனில் மைக்கை அமுக்கிப் பேச, அதுவே எழுத்தாக மாறியிருக்க வேண்டும். பேச்சு அப்படியே இருந்தது.

முதல் நாள்: 'லிப்ட்டுல ஆணியால கிறுக்கி வெச்சிகிறானுங்க. அத்தினியும் கெட்ட வார்த்த. படிச்சி சிரிச்சேன்மா.'

இரண்டாம் நாள்: 'பேப்பர் கப்புல ரோஜா பூ படம் கீது.'

நேற்று: 'மண்ணு தூவினாப்ல உறுத்துது.'

இன்று காலை: 'ஒரே பனியா கீதும்மா. எதுர் பில்டிங்கே காணோம். வெள்ளையா மூடிகினு கீது.'

எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். எட்டு மாடிக் கட்டடங்கள் பனியில் கரைந்து நிற்பதைக் கற்பனை செய்தேன். அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். மழை. விடியற்காலையிலிருந்து மழை. தாம்பரத்திலும் இல்லை, பெரும்பாக்கத்திலும் இல்லை, இன்றைக்கு எங்கேயும் பனி இல்லை.

 எழுந்து ஓடினேன். வார்டு சிஸ்டர் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ஒரு பேஷண்ட். நேத்து உறுத்துதுன்னாங்க. இன்னைக்கு எல்லாம் வெள்ளையா மூடியிருக்குன்னு..."

"எத்தனாவது நாள்?"

"அஞ்சு."

சிஸ்டர் கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டார். "எப்ப சொன்னாங்க?"

"காலைல ஏழு மணிக்கு."

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். பதினொன்று பத்து.

போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. "கண்ணுக்குள்ள கிருமி போயிருந்தா ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. மேடத்துக்கு நான் சொல்றேன். நீ போய்க் கூட்டிட்டு வா," என்றார் சிஸ்டர். வேன் இல்லை. ஆட்டோ பிடித்தேன். பாலத்தில் ஏறி கிழக்குப் பக்கம் இறங்கி, சேலையூர், மேடவாக்கம் என்று போவதற்குள், டிரைவர் அண்ணா மூன்று முறை இறங்கித் தண்ணீரில் ஆழம் பார்த்துவிட்டு வந்தார். வழி நெடுக நான் திரும்பத் திரும்பப் போன் செய்துகொண்டே இருந்தேன். வெளியே எல்லாம் சாம்பல் நிறம். கடைகள், பஸ்கள், குடை பிடித்தவர்கள், எல்லாரும் கனவில் வருகிறவர்கள் போல ஓரம் இல்லாமல் மிதந்தார்கள். இப்படித்தான் அவருக்கும் தெரியுமோ என்று நினைத்ததும் அழுகை வந்தது.

பிளாக் எண்ணும் கதவு எண்ணும் என் லிஸ்டில் சுத்தமாக இருந்தன. ஆறாவது மாடி. லிப்ட் ஓடவில்லை. படியேறிப் போனபோது கதவு திறந்தே இருந்தது. அறுபது வயதிருக்கும். பக்கத்து ஐ.டி. கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறவர். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, வலது கண்ணை முந்தானையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் கட்டில்மேல், அவர் அறியாமலே சத்தம் அணைந்து கிடந்தது.

"அம்மா, கண் ஆஸ்பத்திரிலேர்ந்து வரேன்."

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். "நீதானா அது? டெய்லி காலைல ஏழு மணிக்குக் கேப்பியே, நீதானா?"

"ஆமாம்மா," என்றேன்.

"இன்னாமா நீ! நேத்தே உறுத்துதுன்னு சொன்னேன். நீ இன்னிக்கும் இன்னா பாத்தீங்கன்னே கேக்குற. பனியா கீதுன்றேன். அதுக்கும் பதிலு இல்ல. காது கேக்காதோ, பாவம் பொண்ணுக்குன்னு நெனச்சிகினேன்."

"வலிக்கலையாம்மா? நேரா ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமே?"

"வலிக்காம? ராத்திரி பூரா விண்ணு விண்ணுன்னு தெறிச்சிது. அதான் உன்னாண்ட சொல்லிட்டேனே. சொன்னப்புறம் நான் எதுக்கு வரணும்? நீயே கூப்புடுவேன்னு உக்காந்துகினு கீறேன்."

முந்தானையை விலக்கினார். கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. கருவிழி மங்கிப்போயிருந்தது.

ஆறு மாடியும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் நான் "இங்க ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆட்டோவில் என் கையை அவர் விடவில்லை. நான் கூட்டிப் போகிறேனா, அவர் என்னைப் பிடித்திருக்கிறாரா என்று தெரியாத மாதிரி இருந்தது.

டாக்டர் மேடம் காத்திருந்தார். அன்றைக்கே கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒரு ஊசி. அவர் பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தார். நான் மதியச் சாப்பாட்டை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சாப்பிட்டேன். கண் பிழைத்துக்கொண்டது. ஆனால் முழுசாக இல்லை. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும் என்று மேடம் சொன்னார். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிக்கை எடுத்தது நான் என்று சொன்னேன். அந்தப் பனி வரியைப் படித்துவிட்டு அழகாக இருக்கிறது என்று ரசித்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கேள்வி கேக்குறதுன்னா பதில கேக்க ஒரு ஆள் இருக்கணும். இல்லன்னா கேக்காதீங்க. ரெண்டுல ஒண்ணு."

கேள்வியை எடுத்துவிடலாம் என்று மூன்றாவது டப்பாவைத் திறந்தேன். எடுக்க மனசு வரவில்லை. அதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு டப்பா வைத்தேன். பதிலில் வலி என்ற சொல் இருந்தால் உடனே சிஸ்டருக்கும் எனக்கும் போன் அலற வேண்டும். ஆனால் சோதித்துப் பார்க்கப் பழைய பதில்களைப் படித்தபோதுதான் தெரிந்தது, வலி என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். உறுத்துது, குத்துது, கரிக்குது, கூசுது, நமநமங்குது, முள்ளு மாதிரி கீது, பொங்கிப்போச்சு, மப்பா இருக்கு, மங்குது, பொகையா தெரியுது. சிஸ்டர் ஏழெட்டுச் சொற்கள் கொடுத்தார். கேன்டீன் அக்கா நாலு கொடுத்தார். வேன் டிரைவர் அண்ணா, "எங்கம்மா 'கண்ணு கடுகடுங்குது'ன்னும் சொல்லும், எழுதிக்கங்க," என்றார். வார்டில் படுத்திருந்த அந்த அம்மாவிடமும் போய்க் கேட்டேன்.

"பேஜாரா கீதுன்னு போடு. கண்ணுக்கும் வரும், எல்லாத்துக்கும் வரும்."

பனி என்பதையும் சேர்த்தேன்.

முதல் வாரமே போன் அலறிக்கொண்டே இருந்தது. ஒரு பெரியவர், 'மருமகள பாத்தாலே கண்ணு எரியுது' என்று அனுப்பியிருந்தார். சிஸ்டர் பதறிப்போய் அவரைக் கூப்பிட்டு, அரை மணி நேரம் குடும்பக் கதை கேட்டார். இன்னொருவர் மல்லி வாங்கப் போன இடத்தில் பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தார். மார்கழி பிறந்துவிட்டது, உண்மையான பனிதான். இயந்திரத்துக்கு எந்தப் பனி எது என்று தெரியாது. அதற்காக அதன்மேல் கோபம் வரவில்லை. எனக்கே தெரியவில்லையே.

கடைசியில் முடிவு செய்தோம். ஃப்ளோ அந்தச் சொற்கள் இருக்கிற வரிகளை மேலே தூக்கி வைக்கும். ஆனால் எல்லா வரிகளையும் ஒரு ஆள் படிக்க வேண்டும். எட்டரை மணிக்கு நான். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர். இப்போது காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் அதைத்தான் படிக்கிறேன். அழகாக இருக்கிற வரியை இரண்டாவது முறை மெதுவாகப் படிக்கிறேன்.

வீட்டுக்குப் போகிற நாளில் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "காலைல கேக்குறது நான் இல்லம்மா. மெஷின். நான் எழுதி வெச்சது, அதுவா அனுப்பும்."

கையிலிருந்த பையைக் கட்டில்மேல் வைத்தார். "அப்ப ஆறு மாடி ஏறி வந்தது?"

"அது நான்."

"ரெண்டும் வேற வேற ஆளா?"

"ஆமாம்மா."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று கோபமாகக் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இடது கண்ணிலும் புரை இருந்தது. அதற்கு வர மாட்டேன் என்று ஆறு மாதம் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை; வற்புறுத்த எனக்கு வாய் இல்லை. ஒரு நாள் காலையில் அவரே வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை ஆபரேஷன் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. லிஸ்டில் அவர் வரியை மட்டும் ஏழு மணிச் செய்தியிலிருந்து விலக்கி வைத்தேன். முப்பது நாளும் நானே போன் செய்தேன்.

முதல் நாள், சமையலறையில் நின்றபடி, "கண்ணு எப்படி இருக்கும்மா? இன்னைக்கு என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"பால பாத்துகினு கீறேன், பொங்குது. வையி," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.